ஆண்டகையை ஒப்படைத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆயர் தொபியாஸ் கர்வாலோ காலமானார். பதினொன்றரைக்கெல்லாம் அரசாங்கத்தின் மலர்வளையம் வந்துவிட்டது.

அதைத் தூக்கிவந்த இரண்டு காவலர்களுக்குப் பின்னால் சமய நல்லுறவுத் துறை இயக்குநர் திருவரசு வந்தார். கோயிலானாலும் பள்ளிவாசலானாலும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவது அவர் வழக்கம். ஆயரின் காலடியில் மலர்வளையத்தை வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். பிறகு முதன்மை குரு கஸ்பார் மச்சாதுவின் பக்கம் திரும்பி, "உள்ள உட்காந்து பேசலாமா சாமி?" என்றார்.

கஸ்பாருக்கு வயது அறுபத்தொன்று. வலம்புரித்துறை மறைமாவட்டத்தில் ஆயருக்கு அடுத்த இடத்தில் ஒன்பது வருடமாக இருந்தவர். ஆயரை நியமிக்கும் ரோமாபுரியோடு கடிதப் போக்குவரத்தே கூடாது என்று நாட்டை ஆளும் காப்பாளர் தடை போட்டுப் பதினோரு வருடம் ஆகிவிட்டதால், புதிய ஆயர் என்று ஒருவர் வரப்போவதில்லை. அன்று காலை பத்து மணியிலிருந்து அந்தக் கடற்கரையின் எண்பதாயிரம் கத்தோலிக்கர்களுக்கும் அவரே தலைவர். அந்தப் பொறுப்பு வந்து ஒன்றரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

திருவரசு ஒரு தாளை மேசைமேல் வைத்தார். நினைவு ஒப்படைப்புச் சட்டத்தின் கீழ் சம்மதப் படிவம்.

"எழுபத்திரண்டு மணி நேரம்தான் சாமி அவகாசம். அதுக்கு மேல போனா மூளையில பதிஞ்சதெல்லாம் அழிஞ்சிடும்னு டாக்டருங்க சொல்றாங்க."

"என்ன தெரியும் அதுல?"

"முகம் தெரியும், குரல் கேக்கும். மனசுல போட்டு அழுத்தி வச்சதெல்லாம் ஆழமாப் பதிஞ்சிருக்குமாம். மண்டையைத் திறந்து, மூளையை மெல்லிசா சீவி, சீவல் சீவலா மிஷின் படிக்கும். டிவியில பாத்திருப்பீங்களே."

பார்க்காதவர்கள் யாருமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அரசுத் தொலைக்காட்சி அதைக் காட்டியது. செத்துப்போன ஒரு கடத்தல்காரனின் மூளையிலிருந்து திரையில் புகைமூட்டமாக ஒரு படகுத்துறை வந்தது, ஒரு பெண்ணின் முகம் வந்தது, கடைசியில் ஒரு லாரியின் எண். மறுநாளே அந்த லாரி பிடிபட்டது. அன்றிலிருந்து சனங்கள் அதற்கு 'மண்டை வாசிப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். படுக்கையில் கிடப்பவர்கள் முன்னால் யாரும் முக்கியமான எதையும் பேசுவதில்லை. மருந்து கொடுத்துவிட்டு மனைவி அறையைவிட்டு வெளியே போய்விடுவாள். மகன் வாசற்படியில் நின்றே நலம் விசாரிப்பான். சாகப்போகிறவர்கள் தனியாகச் செத்தார்கள்.

ஆண்டகை என்று அவர்கள் அழைத்த ஆயரிடம் மட்டும் அந்தப் பயம் சனங்களுக்கு இருக்கவில்லை. மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சனிக்கிழமைதோறும் அவர், சனங்கள் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஆண்டகையின் தலையில் கைவைக்க அரசாங்கத்துக்கும் துணிச்சல் வராது என்று எல்லாரும் நம்பினார்கள்.

"பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை உயிரே போனாலும் குருவானவர் வெளியே சொல்லக் கூடாது. அது எங்க சட்டம்," என்றார் கஸ்பார்.

"உயிர்தான் போயிடுச்சே சாமி." திருவரசு சிரிக்கவில்லை. "யாரோட பாவமும் எங்களுக்கு வேணாம். துறைமுக வேலைநிறுத்தத்துக்குப் பின்னால யார் இருந்தாங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

"வாசல்ல நாலு வண்டி நிக்குது. தூக்கிட்டே போயிடலாமே. என் கையெழுத்து எதுக்கு?"

"தூக்கிட்டுப் போனா அடாவடி ஆயிடும். காப்பாளர் இந்தப் பத்தொன்பது வருஷத்துல எந்தச் சமயத்து மேலயும் கை வச்சதில்ல. நீங்களா மனசு வச்சுக் கொடுக்கணும்." அவர் குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "கொடுத்தா, அந்த வேலைநிறுத்தத்துக்காக உள்ள இருக்கிற நாப்பத்திமூணு பையன்களும் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்துடுவாங்க. இல்லேன்னா வெள்ளிக்கிழமை வடக்கே சுரங்கத்துக்கு அனுப்புற உத்தரவு தயாரா இருக்கு. அங்க போனவங்க யாரும் திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

போகும்போது கூடத்தில் நின்று ஆயரை மறுபடி ஒரு முறை வணங்கிவிட்டுப் போனார்.

மதியத்துக்குள் செய்தி கடற்கரை முழுக்கப் பரவிவிட்டது. எப்படிப் பரவியது என்று கஸ்பார் பிறகுதான் யோசித்தார். அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மூன்று மணிக்கு ஆயர் இல்ல வாசலில் அந்த நாற்பத்துமூன்று பேரின் தாய்மார்களும் வந்து நின்றார்கள். அவர்கள் கோஷம் போடவில்லை. ஆளுக்கு ஒரு புகைப்படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

நான்கு மணிக்குத் தெக்லா வந்தாள். மீன் ஏலம் கூறுகிறவள். காலையில் அவள் விலை கூவினால் கலங்கரை விளக்கம் வரை கேட்கும். அன்றைக்குப் பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டு, காதோடு காதாகப் பேசினாள்.

"கையெழுத்துப் போடப் போறீங்களா சாமி?"

"இன்னும் முடிவு பண்ணல தெக்லா."

"முடிவு பண்ணலன்னா போடப்போறீங்கன்னுதான் அர்த்தம். வெளியே அவளுவ நிக்கது எனக்கும் தெரியும். அவளுவ வயிறு எரியது எனக்குத் தெரியாதா? ஆனா எம்மவன் அந்த நாப்பத்திமூணு பேருல இல்ல சாமி."

அது கஸ்பாருக்குத் தெரியும். வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியவன் அவள் மகன் இன்னாசி. பதினைந்து மாதமாகப் போலீஸ் அவனைத் தேடிக்கொண்டிருந்தது.

"அவன் இருக்க இடம் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு..." கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஆயரின் பக்கம் தலையை அசைத்தாள். "பொய் சொல்லிச் சொல்லி நெஞ்சே அடைச்சுப் போச்சு. போன தவசுகாலத்துல ஆண்டகைகிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டேன். எங்க இருக்கான், யாரு சோறு குடுக்கா, எல்லாம். அவியகிட்டச் சொன்னா கடவுள்கிட்டச் சொன்னதுக்குச் சமம்னு நீங்கதான சாமி ஞானோபதேசத்துல எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

கஸ்பார் மடித்து வைத்திருந்த பூசை உடுப்பை எடுத்து மறுபடி மடித்தார்.

"வெள்ளிக்கிழம வரைக்கும் எப்படியாவது இழுத்தடிங்க. எழுபத்திரண்டு மணி தாண்டிட்டா ஒண்ணும் தெரியாதாமே."

"வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளைகளைச் சுரங்கத்துக்கு அனுப்பிடுவாங்கம்மா. ஏற்கெனவே ரெண்டு பேர் உள்ளேயே செத்துட்டாங்க. நாப்பத்தஞ்சுதான் நாப்பத்திமூணு ஆச்சு."

தெக்லா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. அப்ப எம்புள்ளையை நான் பாத்துக்கிடுதேன்," என்று கதவைத் திறந்துகொண்டு போனாள்.

ஆலோசனைக் குழுவில் ஆறு குருக்கள் இருந்தார்கள். அன்று மாலை கூட்டிவைத்துக் கேட்டதற்கு ஒருவர் கொடுத்துவிடலாம் என்றார், ஒருவர் கூடவே கூடாது என்றார். மற்ற நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி என்றார்கள்.

அவர்களிடம் சொல்ல முடியாத ஒன்று கஸ்பாரிடம் இருந்தது. பதினைந்து மாதத்துக்கு முன் ஒலிபெருக்கி அனுமதி விஷயமாகத் திருவரசு தொலைபேசியில் பேசினார். பேச்சோடு பேச்சாக, "உங்க கோயில் மண்டபத்துல வெள்ளிக்கிழமை ஏதோ கூட்டமாமே?" என்று கேட்டார். கஸ்பார் எதையும் யோசிக்காமல், "இல்லையே, சனிக்கிழமைதானே," என்றார். தப்பாகச் சொன்னால் திருத்துவது அவர் பழக்கம். குருமடத்தில் இருபது வருடம் இலக்கணம் நடத்தியவர். அந்தச் சனிக்கிழமை வேலைநிறுத்தக் கூட்டம் நடந்த மண்டபத்தின் இரண்டு கதவுகளையும் அடைத்துவிட்டு நாற்பத்தைந்து பேரையும் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

அதை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தார். முழங்காலில் நின்று சொன்னார். ஆயர், "நானா இருந்தாலும் திருத்தியிருப்பேன் கஸ்பார்," என்றார். அதற்கான தண்டனையாக, நாற்பத்தைந்து வீட்டுக்கும் மாதம் ஒரு முறை நேரில் போய்வரச் சொன்னார். கஸ்பார் போனார். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். எங்கள் சாமி எங்களை மறக்கவில்லை என்று அழுதார்கள். அந்தக் காபியைக் குடித்துவிட்டுத்தான் அவர் ஒவ்வொரு வீட்டுப் படியும் இறங்க வேண்டியிருந்தது.

இப்போது அந்தச் சனிக்கிழமையும் ஆயரின் தலைக்குள் இருந்தது. சீவிப் பார்த்தால் வெளியே வரும். கொடுக்காதே என்று மனம் சொல்லும்போதெல்லாம், அதைச் சொல்வது குருவானவரா, அல்லது சனிக்கிழமை என்று சொன்ன மனிதனா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. ஜெபித்துப் பார்த்தார், தெளியவில்லை. கடைசியில், தன் மானம் போகிற பக்கம்தான் சரியான பக்கமாக இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். நேர்மையான மனிதர்கள் இப்படி முடிவெடுப்பார்கள் என்பதும் திருவரசுக்குத் தெரிந்திருக்கலாம்.

புதன்கிழமை காலை பூசை முடிந்ததும் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். முதலில் பிள்ளைகள் வர வேண்டும், பிறகுதான் உடல் வாசலைத் தாண்டும். திருவரசு உடனே ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குச் சாம்பல் நிற பஸ் ஒன்று கோயில் முன்னால் வந்து நின்றது. நாற்பத்துமூன்று பேரும் இறங்கினார்கள். மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக இருந்த மகன்களைத் தாய்மார்களுக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. ஒருத்தி தவறான பையனைக் கட்டிப்பிடித்து அழுது, பிறகும் விடாமல் அவனைப் பிடித்துக்கொண்டே தன் மகனைத் தேடினாள். யாரோ கஸ்பாரின் கையைப் பிடித்து முத்தமிட்டார்கள். அதே நேரத்தில் பின்வாசல் வழியாக ஆயரின் பெட்டியைக் குளிர்வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அரசுத் தொலைக்காட்சியின் கேமராக்கள் பஸ்ஸின் பக்கம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அந்தப் பின்வாசலில் இருந்தன.

இன்னாசி புதன்கிழமையே மறைவிடத்தைவிட்டுக் கிளம்பிவிட்டான். வழியெல்லாம் சோதனைச் சாவடி, அதனால் தெக்லா அவனைக் கடல் வழியாகத்தான் அனுப்பினாள். ஆடி மாதம், கச்சான் காற்று வீசுகிற நேரம். அந்தக் காற்றில் யாரும் சின்னப் படகைக் கடலில் இறக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. மூன்றாம் நாள் தெற்கே ஒரு மணல்திட்டில் படகு குப்புறக் கிடந்தது. அவனும் பக்கத்திலேயே கிடைத்தான். அடக்கப் பூசைக்குக் கஸ்பார் வரக் கூடாது என்று தெக்லா ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டாள். பக்கத்துப் பங்கிலிருந்து ஒரு குருவானவரை அழைத்துவந்தார்கள்.

ஒன்பதாம் நாள் ஆயரின் உடல் திரும்பி வந்தது. முத்திரை வைத்த தகரப் பெட்டி. திறக்க வேண்டாம் என்று மேலே ஒரு கடிதம் ஒட்டியிருந்தது, திருவரசுவின் கையெழுத்தோடு. ஆனால் ஆயருக்குப் பூசை உடுப்பும் மோதிரமும் ஆயருக்குரிய உயரத் தொப்பியும் அணிவித்துத்தான் புதைக்க வேண்டும். அது முறை. கஸ்பார் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு முத்திரையைத் தானே வெட்டினார். எதைப் பார்க்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் மூடியைத் தூக்கினார்.

ஆயர் போனபடியே இருந்தார். கன்னத்தில் மட்டும் பனி பட்ட கருப்பு. வெள்ளை முடி கலையாமல் நெற்றியில் படிந்திருந்தது. கஸ்பார் இரண்டு கைகளாலும் அந்தத் தலையைத் தூக்கி, விரல்களால் நெற்றியிலிருந்து பிடரி வரை, காதுக்குப் பின்னால், உச்சியில் எல்லாம் தடவினார். வெட்டில்லை, தையலில்லை. சவரம் செய்த இடம்கூட இல்லை. சந்தேகம் தீராமல் ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு தலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

அடக்கம் முடிந்த கையோடு திருவரசுவின் அலுவலகத்துக்குப் போனார்.

"திறக்க வேணாம்னு எழுதியிருந்தேனே சாமி," என்றார் திருவரசு.

"மண்டையைத் தொடவே இல்ல நீங்க."

"உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"அப்ப டிவியில காட்டினது?"

"அது டிவி சாமி."

"லாரி பிடிபட்டுச்சே?"

"லாரி நம்பர் எங்களுக்கு முன்னாடியே தெரியும். ஒரு டிரைவர் சொன்னான்." திருவரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு நாள் வேலை செய்யும்னு டாக்டருங்க சொல்றாங்க. செய்யட்டும், செய்யாமப் போகட்டும். இப்ப யார் வீட்டுலயாவது நோயாளி முன்னால வாய் திறக்குறாங்களா? மிஷினுக்கு மேல என்ன வேலை இருக்கு?"

"எங்க ஆண்டகையை எதுக்கு வாங்கினீங்க?"

"நாங்க வாங்கல. நீங்க கொடுத்தீங்க." முதல் முறையாக அவர் குரலில் ஒரு கடுமை வந்தது. "இந்த ஊர்ல ஒரு மனுஷன் பயமில்லாமப் பேசுறதுக்கு ஒரே ஒரு இடம் பாக்கி இருந்துச்சு சாமி. உங்க கோயில்ல பாவம் சொல்ற அந்த மரப்பெட்டி. அதை நாங்க உடைச்சிருந்தா, சனம் வேற ஒண்ணு செஞ்சு வச்சுக்கும். நீங்களே தூக்கிக் கொடுத்தீங்க பாருங்க, இனிமே வைக்காது."

"நான் வெளியே சொல்லுவேன்."

"தாராளமாச் சொல்லுங்க. நான் தடுக்கமாட்டேன்."

கஸ்பார் நேராகத் தெக்லாவின் வீட்டுக்குப் போனார். அவள் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். ஆயரின் தலை, திருவரசு பேசியது, கடைசியாக அந்தச் சனிக்கிழமை.

தெக்லா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப அவன் இருந்த இடத்துலயே இருந்திருக்கலாம்," என்றாள்.

"ஆமா."

"நாந்தான் கடலுக்கு அனுப்பினேன். போவமாட்டேன்னுதான் சொன்னான். காத்து சரியில்லம்மா, ஆண்டகை காட்டிக் குடுக்கமாட்டாவன்னான். நாந்தான், ஆண்டகை குடுக்கமாட்டாவ, சாமி குடுத்துருவாருன்னேன்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீங்க? உங்க மனசு லேசாவதுக்கா? எங்கிட்டச் சொன்னா எப்படி லேசாவும்? எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசையில் பிரசங்கத்துக்குப் பதிலாக அதைத்தான் சொன்னார். கோயில் நிறைந்திருந்தது. சனிக்கிழமை என்று தான் சொன்ன கதையை முதலில் சொன்னார். பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். மண்டை வாசிப்பு என்று ஒன்றில்லை, ஆண்டகையின் தலையைத் திறக்கவே இல்லை, நானே தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னபோது மீதிப் பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காட்டிக்கொடுத்தவன் இப்போது தப்பிக்கப் பார்க்கிறான் என்று பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே சொன்னார். விடுதலையான பையன்களின் தாய்மார்களுக்கும் அது பிடிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி பூசை முடிந்து வந்து ஆறுதல் சொல்வதுபோல், "நுணுக்கமாத் திறந்திருப்பாங்க சாமி, உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றாள். தன் பிள்ளைக்காக ஏதோ ஒன்று உண்மையிலேயே கொடுக்கப்பட்டது என்று அவள் நம்ப வேண்டியிருந்தது.

தெக்லா கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். ஆனால் பிறகும் அவரோடு பேசவில்லை.

சனிக்கிழமைகளில் நான்கிலிருந்து ஆறு வரை கஸ்பார் பாவசங்கீர்த்தன மரப்பெட்டியில் போய் உட்காருவார். நான்கு மாதத்தில் ஒருவரும் வரவில்லை. மற்றப் பங்குகளிலும் அப்படித்தான். சனங்கள் பூசைக்கு வந்தார்கள், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் வாங்கினார்கள், கல்யாணம் முடித்தார்கள். மனதில் இருப்பதை மட்டும் மனதிலேயே வைத்துக்கொண்டார்கள். திருவரசு சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலைப்பொழுதில், ஆயர் இல்லத்துத் தொலைபேசி அடித்தது. முஸ்லிம் ஜமாஅத் தலைவர் நூகுத்தம்பி மரைக்காயர். கோயில் திருவிழாவுக்கும் பள்ளிவாசல் கந்தூரிக்கும் பார்த்துக்கொள்வதைத் தவிர இருவருக்கும் பெரிய பழக்கம் கிடையாது.

"சாமி, எங்க காழியார் சுபுஹுக்குப் பின்ன மௌத்தாயிட்டாங்க."

"ஐயோ, காலமாயிட்டாரா? உங்க சனத்துக்கே நியாயம் சொல்ற பெரிய மனுஷர்."

"இப்ப மணி ஒம்பதரை. அந்த டைரக்டர் வந்து என் முன்னாடி படிவத்தை வச்சுட்டுப் போயிருக்கார். எங்க புள்ளைங்க பதினேழு பேர் உள்ள கிடக்கிறாங்க, தெரியும்லா உங்களுக்கு. கொடுத்தா விட்டுடுவாங்களாம்." மரைக்காயர் மூச்சு வாங்கினார். "நீங்க கொடுத்தீங்க. கொடுத்த ஆளுகிட்டத்தான் கேக்க முடியும். நாங்க என்ன செய்ய?"

அந்தத் தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். மரைக்காயருக்கும் தெரியும்.

"கொடுக்காதீங்க," என்றார் கஸ்பார்.

தொலைபேசியை வாயருகே நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தலையைத் திறக்கமாட்டாங்க. அவங்களால எதையும் படிக்க முடியாது. எங்க ஆண்டகையை முழுசாத்தான் திருப்பிக் கொடுத்தாங்க, நான் விரல் விட்டுப் பாத்தேன். அவங்களுக்கு வேண்டியது உங்க கையெழுத்து மட்டும்தான். கொடுத்தா உங்க பிள்ளைங்க வருவாங்க, அது நிஜம். ஆனா அதுக்கப்புறம் உங்க சனம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துப் பேசாது. நாங்க பேசிக்கிறதில்ல."

"போன்ல சொல்றீங்களே சாமி இத."

"ஆமா. கேக்கட்டும்."

மரைக்காயர் தொடர்பைத் துண்டித்துவிட்டார். போலீஸ் வண்டி வரும் என்று கஸ்பார் காத்திருந்தார். மாத்திரைகளையும் ஜெபப் புத்தகத்தையும் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டார். வண்டி வரவில்லை.

பதினொரு மணிக்குத் தொலைக்காட்சியில் சிறப்புச் செய்தி வந்தது. கஸ்பாரின் பெரிய புகைப்படத்தைக் காட்டினார்கள். "நாட்டின் பாதுகாப்புக்கும் அறிவியல் வளர்ச்சிக்கும் தொடர்ந்து ஒத்துழைத்து, சமயத் தலைவர்களுக்கெல்லாம் வழிகாட்டியாக விளங்கும் கஸ்பார் மச்சாது அடிகளாருக்குக் காப்பாளர் பதக்கம் வழங்கப்படுகிறது," என்று செய்தி வாசிக்கும் பெண் சொன்னாள். பின்வாசலில் ஆயரின் பெட்டியை ஏற்றும் காட்சியை மூன்று தடவை போட்டார்கள்.

கஸ்பார் தொலைக்காட்சியை அணைத்தார். அரசாங்கத்தின் பதக்கத்தை வாங்கிக்கொண்டு, கொடுக்காதே என்று சொல்கிற ஒருவனை யார் நம்புவார்கள்? ஏதோ சூழ்ச்சி என்றுதான் மரைக்காயர் நினைப்பார். இந்நேரம் கையெழுத்தைப் போட்டிருப்பார். எப்படியும் நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று, மறுபடி தூற ஆரம்பித்திருந்தும் குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினார்.

பள்ளிவாசல் தெருவில் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. அவரை அடையாளம் கண்டுகொண்டவர்கள் விலகி வழிவிட்டார்கள். பள்ளிவாசலில் ஆளில்லை. பின்னால் அடக்கஸ்தலத்தின் பக்கம் அவ்வளவு கூட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. மதில் சுவருக்கு வெளியே நான்கு போலீஸ் வண்டிகளும் ஒரு குளிர்வண்டியும் நின்றன. காவலர்கள் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வண்டிகளுக்குப் பக்கத்தில் திருவரசு தொலைபேசியில் யாருக்கோ தலையாட்டிக்கொண்டு நின்றார். கஸ்பாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே காழியாரைக் குழியில் இறக்கியாகிவிட்டது. மரைக்காயர் ஈரமான தொப்பியோடு கூட்டத்திலிருந்து வெளியே வந்தார்.

"நான் சொன்னதை நீங்க நம்பலையோன்னு..." என்று கஸ்பார் ஆரம்பித்தார்.

"மொதல்ல நம்பலதான் சாமி. உள்ளதைச் சொல்றேன். உங்களையே அவங்கதான் பேசவச்சாங்கன்னு நெனச்சேன். பேனாவைக் கையில எடுத்துட்டேன்." மரைக்காயர் மதிலுக்கு அப்பால் ஒரு பார்வை பார்த்தார். "அப்பத்தான் டிவியில உங்களைப் புகழ ஆரம்பிச்சாங்க. பாத்துக்கிட்டே இருந்தேன். கொடுக்காதீங்கன்னு ஒருத்தர் சொல்லி ரெண்டு மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள அவருக்கு எதுக்குப் பதக்கம்? நீங்க சொன்னது பொய்யா இருந்தா உங்களைப் புடிச்சு உள்ள போட்டிருப்பாங்க. உண்மைன்னு சர்க்கார்தான் எனக்குச் சொல்லிச்சு."

"பதினேழு பேர்?"

மரைக்காயர் மதில் பக்கம் கைகாட்டினார். "அவங்க உம்மாமார் அந்தச் சுவரோரமா நிக்கிறாங்க. அவங்களைக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன். ஒருத்தி மட்டும் சம்மதிக்கல. நாளைக்கு அவ முகத்துல எப்படி முழிக்கப்போறேனோ." பிறகு, "நீங்க எப்படி முழிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தினமும் முழிக்கிறேன்," என்றார் கஸ்பார்.

ஆட்கள் ஒவ்வொருவராகக் குழிக்குப் பக்கத்தில் போய் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். மழையில் ஊறிய மண் கையைவிட்டுச் சுலபத்தில் விழவில்லை. கஸ்பார் சற்று விலகியே நின்றார்.

"நானும் போடலாமா?" என்று கேட்டார்.

மரைக்காயர் முன்னால் நின்றவர்களின் தோளைத் தொட்டு அவருக்கு வழி ஏற்படுத்திக் கொடுத்தார்.